மனத்தை அளந்த கதை – 7: 251 வாசல்களும் ஒரு கேள்வித்தாளும்

1930ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு சிற்றூர். கீழைநாட்டவர் என்றாலே முகம் திருப்பிக்கொள்ளும் ஊர் என்று பெயரெடுத்தது. அந்த ஊரிலேயே சிறந்த ஓட்டலுக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். ஒருவர் ரிச்சர்ட் லாபியர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆசிரியர், வெள்ளையர். உடன் வந்தவர்கள் சீனாவில் பிறந்த ஓர் இளம் மாணவரும் அவருடைய மனைவியும். அறை கிடைக்காமல் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியிருக்கும் என்ற கலக்கத்தோடுதான் லாபியர் உள்ளே போனார். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கொஞ்சமும் தயங்காமல் இடம் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து லாபியர் மறுபடி அந்த ஊர்ப்பக்கம் போக நேர்ந்தது. அதே ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசினார். முக்கியமான சீனப் பிரமுகர் ஒருவர் வருகிறார், அறை தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்றார்கள். மழுப்பலே இல்லாத மறுப்பு.

மனப்பான்மை ஆய்வின் நூறாண்டு வரலாற்றில் பெரிய பரிசோதனைக்கூடங்கள் உண்டு, ராணுவமே பணம் கொடுத்து நடத்திய ஆய்வுகள் உண்டு. ஆனாலும் இந்த ஓட்டல் மேசையும் இந்தத் தொலைபேசி அழைப்பும் எழுப்பிய கேள்விதான் அந்தத் துறையை அதிகம் அலைக்கழித்தது. ஒருவர் தன் மனத்தில் இருப்பதாகச் சொல்வதற்கும், ஆள் நேரில் வந்து நிற்கும்போது செய்வதற்கும் என்ன தொடர்பு?

சென்ற இதழ்களில் பார்த்த ஆட்களை ஒரு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். பொறியியல் படித்துவிட்டு உளவியலுக்கு வந்த தர்ஸ்டன், மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928இல் அடித்துச் சொன்னார். 130 கூற்றுகளை எழுதி, 300 பேரிடம் கொடுத்து, ஆதரவிலிருந்து எதிர்ப்புவரை 11 அடுக்குகளாகப் பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து தேவாலயத்தைப் பற்றிய ஓர் அளவுகோலைச் செதுக்கினார். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அந்த வேலையை எளிதாக்கினார். முழுக்க உடன்படுகிறேன் என்பதிலிருந்து அடியோடு மறுக்கிறேன் என்பதுவரை ஐந்து பதில்கள். ஒன்றில் குறியிட்டால் போதும். இன்று வங்கியும் ஆஸ்பத்திரியும் நம்மிடம் நீட்டும் படிவங்கள் அந்த வழியில் வந்தவை. இந்த வாரம் அந்தக் காகிதத்தைச் சந்தேகித்தவரின் கதை. அதைச் சொல்லுமுன், சீனர் என்ற சொல் அன்றைய அமெரிக்கர் காதில் எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை 1869இல் முடிந்தது. அதன் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர்களில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சீனர்கள். வேலை முடிந்தது, பிறகு அவர்களே தொல்லையாகத் தெரிந்தார்கள். கூலியைக் குறைக்கிறார்கள், ஒட்டாமல் வாழ்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லியே அந்த இனத் தொழிலாளருக்குக் கதவை அடைத்த சட்டம் அது. மூன்று ஆண்டு கழித்து வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் 28 சீனர்களைக் கொன்றது. பத்தாண்டுக்கு என்று போட்ட தடை நீட்டிக்கப்பட்டு, பின்னர் நிரந்தரமாகவே ஆனது. மாணவர், வணிகர், தூதர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. லாபியருடைய நண்பர் மாணவராக இருந்தது தற்செயல் அல்ல. அந்தக் காலத்தில் ஒரு சீன இளைஞர் சட்டப்படி அமெரிக்காவுக்குள் வரக் கிடைத்த மிகச் சில வழிகளில் அது ஒன்று.

அந்த வெறுப்பை எண்ணாக மாற்றியவர் எமரி பொகார்டஸ், லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். பசிபிக் கரையில் இன உறவுகளை ஆராய்ந்த ராபர்ட் பார்க்கின் தூண்டுதலால் 1920களின் நடுவில் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை அவர் உருவாக்கினார். இந்த இனத்தவரைத் திருமணம் செய்து உறவாக்கிக்கொள்வீர்களா? மன்றத்தில் நண்பராகச் சேர்ப்பீர்களா? உங்கள் தெருவில் குடியிருக்க விடுவீர்களா? உங்கள் தொழிலில் வேலை பார்க்க? குடியுரிமை பெற? வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போக? அல்லது நாட்டுக்குள்ளேயே விடமாட்டீர்களா? முதல் படிக்கு 1, கடைசிப் படிக்கு 7. எண் ஏற ஏற விலக்கமும் ஏறுகிறது.

1926இல் 1,725 அமெரிக்கர்களிடம், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம், அவர் கேட்டுத் தொகுத்த பட்டியலில் ஆங்கிலேயர் முதலிடம், 1.06. சீனர் 3.36. கொரியர் 3.60. எல்லோருக்கும் கீழே, கடைசி இடத்தில், 3.91 என்ற எண்ணோடு நிற்பவர்கள் இந்தியர்கள். அமெரிக்கப் பழங்குடியினர் அல்லர், நம்மவர்கள்.

அந்தக் கடைசி எண்ணைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்று அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் சில ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியாப் பண்ணைகளில் உழைத்த பஞ்சாபியர். பட்டியலை நிரப்பிய 1,725 பேரில் ஓர் இந்தியரோடு உட்கார்ந்து பேசியவர்கள் மிகச் சொற்பமாகத்தான் இருந்திருக்க முடியும். ஆனாலும் அவர்கள் மனத்தில் இந்தியருக்கென்று ஓர் இடம் இருந்தது; அது எல்லாருக்கும் கீழே இருந்தது. மூன்று ஆண்டு முன்னால், 1923இல், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர். தீர்ப்பில் நீதிபதிகள் சாமானிய மனிதனின் புரிதலைச் சான்றாகக் காட்டினார்கள். பொகார்டஸ் அளந்ததும் அதே சாமானிய மனிதனைத்தான்.

பார்க்காதவர்களைப் பற்றி மனப்பான்மை எப்படி உருவாகிறது? பிற்பாடு யூஜீன் ஹார்ட்லி என்ற உளவியலாளர் மாணவர்களிடம் பொகார்டஸ் பட்டியலைக் கொடுத்தபோது அதில் மூன்று பெயர்களைச் சேர்த்தார்: டேனிரியர், பைரீனியர், வாலோனியர். மூன்றும் அவராகவே புனைந்தவை. அப்படிப்பட்ட இனங்கள் உலகில் இல்லை. யூதரையும் கறுப்பரையும் விலக்கி வைத்த மாணவர்கள், இல்லாத அந்த மூன்று இனங்களையும் விலக்கி வைத்தார்கள். 1946இல் வெளிவந்த அவருடைய நூல் இதைப் பதிவுசெய்கிறது. பட்டியலில் கடைசி இடம் பெற என்ன குற்றம் செய்தோம் என்று அந்தக் காலத்துக் கலிஃபோர்னியப் பஞ்சாபி விவசாயி கேட்டிருந்தால், ஹார்ட்லியிடம் அதற்குப் பதில் இருந்தது: எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு வழி திரைப்படம். தர்ஸ்டனும் ரூத் பீட்டர்சனும் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் மனப்பான்மையை அளந்தார்கள். 1933இல் முடிவுகள் வந்தன. கிரிஸ்டல் லேக் என்ற ஊரில் காட்டியது, கறுப்பினத்தவரைக் கொடியவராகச் சித்திரித்த 'ஒரு தேசத்தின் பிறப்பு'. அந்தப் பிள்ளைகளில் கறுப்பினத்தவரோடு பழகியவர்கள் அரிது. ஒரே ஒரு படத்தால் கறுப்பர்மீதான மதிப்பு நன்றாகச் சரிந்தது. ஐந்து மாதம் கழித்து அளந்தபோதும் அந்தச் சரிவு முழுதாக மீளவில்லை. ஜெனீவா என்ற இன்னோர் ஊரில் 1930இல் வெளிவந்த 'தேவர்களின் மைந்தன்' என்ற படத்தைக் காட்டினார்கள். சீனரைப் பரிவோடு காட்டிய படம். பிள்ளைகளிடம் சீனர்மீது நல்லெண்ணம் கூடியது. படத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும்: சீனத் தகப்பனிடம் வளர்ந்த நாயகன் வெள்ளைப் பெண்ணைக் காதலித்து அவமானப்படுகிறான்; கடைசியில் அவன் பிறப்பால் வெள்ளையன் என்று தெரியவருகிறது. பரிவு காட்டிய படத்தால்கூட நாயகனைச் சீனனாகவே விட்டுவைக்க முடியவில்லை.

இனி லாபியரின் பயணத்துக்கு வருவோம். ஓட்டல் தொலைபேசிப் பதில் அவரை உலுக்கியிருந்தது. அதற்கு முன்பே பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் இன வெறுப்பைப் பற்றி மக்களை விசாரித்து, 1928இல் எழுதியவர் அவர். கேட்டால் மக்கள் ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள். அது அவர்கள் செய்யப்போவதுதானா? இதைச் சோதிக்க அவருக்கு வாய்த்ததைப் போன்ற வாய்ப்பு அரிது. 1930 தொடங்கி இரண்டு ஆண்டுகள் அந்தச் சீனத் தம்பதியோடு காரில் சுமார் 10,000 மைல் போனார். நாட்டின் குறுக்கே இரண்டு முறை, பசிபிக் கரை நெடுக மேலும் கீழுமாக.

தங்குவதற்கு அணுகிய இடங்கள் 67: பெரிய ஓட்டல்கள், வீட்டோடு சேர்ந்த விடுதிகள், காரில் வருவோர் தங்கும் ஆட்டோ கேம்ப்கள். சாப்பிடப் போன உணவகங்கள் 184. மொத்தம் 251. ஒவ்வோர் இடத்திலும் எப்படி வரவேற்றார்கள் என்று அவர் குறித்துக்கொண்டே போனார். இயன்றபோதெல்லாம் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பின்தங்கி, அறை கேட்கும் வேலையை நண்பர்களிடமே விட்டார். 31 இடங்களில் அவர் கூட இல்லாமலே தம்பதி முதலில் உள்ளே போனார்கள்.

251 இடங்களில் மறுப்பு எத்தனை? ஒன்று. 72 உணவகங்களில், தான் தனியாகப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட நல்ல உபசரிப்பு கிடைத்தது என்று லாபியர் குறித்திருக்கிறார். அந்த ஒரு மறுப்பு கலிஃபோர்னியாவின் ஒரு சிற்றூரில், தரம் குறைந்த ஓர் ஆட்டோ கேம்ப்பில் நேர்ந்தது. பழைய கார், மேலெல்லாம் மூட்டை முடிச்சு. உரிமையாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜப்பான்காரரை நான் சேர்ப்பதில்லை என்றார். சீனர் என்று அறிந்து மறுத்தவர் 251 பேரில் ஒருவர்கூட இல்லை.

எது வாசலைத் திறந்தது என்பதைப் பற்றி லாபியர் எழுதியிருக்கும் பகுதி, புள்ளிவிவரத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தோல் நிறமோ கண்ணின் வடிவமோ அல்ல. உடையின் தரம், பெட்டிகளின் தோற்றம், சுத்தம், இவையே குமாஸ்தாக்களின் முடிவைத் தீர்மானித்தன. இது வழக்கமான காரியம்தானே என்பதுபோல நிமிர்ந்து போய்க் கேட்டால், ஆடம்பர ஓட்டலின் அகம்பாவக் குமாஸ்தாவால்கூட மறுக்க முடியவில்லை. கூனிக் குறுகிப் போனால் ஏளனம் வந்தது. லாபியர் வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தார். எல்லாவற்றையும்விட வேலை செய்தது இனிய புன்னகை. தன் நண்பர்கள் புன்னகைப்பதில் தேர்ந்தவர்கள் என்றும், ஒரே ஒரு மறுப்போடு தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார்.

அவர்கள் ஏன் புன்னகைப்பதில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்பதை அவர் கேட்கவில்லை. அந்தத் தம்பதியின் பெயர் கட்டுரையில் இல்லை. அவர்களுடைய குரலும் இல்லை. தாங்கள் ஆராயப்படுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நடத்தை செயற்கையாகிவிடும் என்று லாபியர் மறைத்தார். இன்று எந்தப் பல்கலைக்கழக அறக்குழுவும் இதை அனுமதிக்காது. ஊர் ஊராக, வாசல் வாசலாக, நல்ல உடையும் நல்ல ஆங்கிலமும் நல்ல சிரிப்புமாக நின்றவர்கள் அவர்கள். அறை கேட்கும்போது வெள்ளைப் பயணி ஒருவர் சிடுசிடுவென்று நின்றால் அவருக்கும் அறை கிடைத்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்திருக்குமா?

பயணம் முடிந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் போய்வந்து ஆறு மாதம் கழிந்தபின் லாபியர் அங்கே ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். சீன இனத்தவரை உங்கள் இடத்தில் விருந்தினராக ஏற்பீர்களா? சிலருக்கு இந்தக் கேள்வி மட்டும். மற்றவர்களுக்கு ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், யூதர் என்று பல இனங்களைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே. சளைக்காமல் மறுபடி மறுபடி எழுதி 128 பதில்கள் பெற்றார்: உணவகங்கள் 81, தங்குமிடங்கள் 47. உணவகங்களில் 92 சதவீதம், தங்குமிடங்களில் 91 சதவீதம் ஏற்கமாட்டோம் என்றன. மீதியும் கிட்டத்தட்ட எல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது என்று நழுவின. நேரில் வந்து போனவர்களால்தான் கசப்பு வந்ததோ என்ற ஐயம் எழக்கூடாது என்பதற்காக, தாங்கள் போகாத 128 இடங்களுக்கும் அதே கேள்வியை அனுப்பிப் பதில் வாங்கினார். அங்கிருந்தும் ஏறக்குறைய அதே விகிதம்.

ஏற்போம் என்று வந்த பதில் ஒன்று உண்டு. ஒரு சிறிய ஆட்டோ கேம்ப் நடத்திய பெண்மணி, கேள்வித்தாளோடு நிற்காமல் கதை பேசும் கடிதமும் எழுதியிருந்தார். போன கோடையில் ஒரு சீனப் பெரிய மனிதரும் அவருடைய அருமையான மனைவியும் வந்து தங்கியதையும், பழகியது எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதையும் சொல்லியிருந்தார். அந்தப் பெண்மணிக்குச் சீனர் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு முகங்கள் நினைவுக்கு வந்தன. மற்றவர்களும் அதே இரண்டு முகங்களைப் பார்த்தவர்கள்தான். ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் 'சீன இனம்' என்று காகிதத்தில் கேட்டபோது அந்த முகங்கள் வரவில்லை. வேறு ஏதோ வந்தது: பத்திரிகையில் படித்தது, மேடையில் கேட்டது, படத்தில் பார்த்தது.

1934இல் கட்டுரை வெளியானது. லாபியரின் தாக்குதல் கேள்வித்தாளின்மீது. மலிவாக, எளிதாக, இயந்திரம்போல எண்களைத் தருவதால் அதை நம்பிவிடுகிறோம். அது அளப்பது கற்பனைச் சூழலுக்குக் கிடைக்கும் வெறும் சொல்லை. மனிதர் நடத்தையை அறிய அவர்களோடு போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

எதிர்வாதங்களும் வந்தன, வலுவானவை. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் முதலாளியாக இருக்கலாம், அறை கொடுத்தவர் குமாஸ்தாவாக இருக்கலாம். 251 இடங்களில் பாதிக்குத்தான் பதில் வந்தது. கேள்வி ஓர் இனத்தைப் பற்றியது, வந்தவர்களோ நன்கு உடுத்திய, வெள்ளைத் துணையோடு வந்த தம்பதி. 1963இல் டொனால்ட் கேம்பல் இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொன்னார். எதிரில் நிற்பவரை முகத்துக்கு நேரே மறுப்பது கடினம். காகிதத்தில் மறுப்பது சுலபம். சுலபமானதைச் செய்தவர் கடினமானதைச் செய்யவில்லை என்பதில் முரண் இல்லை. கடிதத்தில் ஏற்பதாக எழுதிவிட்டு வாசலில் துரத்தியிருந்தால் அல்லவா முரண்? கேம்பலின் இந்த விளக்கம் சரியென்றே எனக்குப் படுகிறது. வெறுப்பு ஒன்றுதான். அதை வெளிக்காட்ட வேண்டிய இடத்தின் சிரமம் மாறுகிறது.

இதே பிளவை வேறு இடங்களிலும் கண்டார்கள். 1952இல் வெளியான ஓர் ஆய்வில் பெர்னார்ட் குட்னரும் கூட்டாளிகளும் 11 உணவகங்களைச் சோதித்தார்கள். இரண்டு வெள்ளைப் பெண்கள் போய் உட்கார்ந்தபின் ஒரு கறுப்பினப் பெண் வந்து சேர்ந்துகொள்வார். ஓரிடத்திலும் மறுப்பு இல்லை. பிறகு கறுப்பினத்தவர் உள்ள குழுவுக்கு இடம் ஒதுக்கும்படி கடிதம் எழுதினால் பதிலே இல்லை. தொலைபேசியில் கேட்டால் சாக்குப்போக்கு. அதே ஆண்டு மினார்ட் என்பவர் மேற்கு வர்ஜீனியாவின் போகஹாண்டஸ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார். பூமிக்கு அடியில் வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தார்கள். மேலே வந்ததும் தனித்தனித் தெரு, தனித்தனி வாழ்க்கை. எங்கும் ஒரே மாதிரி நடந்துகொண்ட வெள்ளையர் சிறுபான்மை. சுமார் 60 சதவீதம் பேர் சுரங்க வாயில் வந்ததும் மாறினார்கள். அவர்களுக்கு உள்ளே ஒரு மனமும் வெளியே ஒரு மனமுமா? சுரங்கத்தில் ஒரு நடைமுறை, ஊரில் ஒரு நடைமுறை. இரண்டுக்கும் அவர்கள் கட்டுப்பட்டார்கள்.

1969இல் ஆலன் விக்கர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் மிகப் பலவீனம் என்று எழுதியபோது, துறையையே மூடிவிடலாமா என்ற அளவுக்குச் சோர்வு பரவியது. அதிலிருந்து மீட்டவர்கள் மார்ட்டின் ஃபிஷ்பைனும் ஐசக் ஐசனும். பொதுவாகக் கேட்டுவிட்டுக் குறிப்பான செயலை எதிர்பார்க்காதீர்கள் என்றார்கள் அவர்கள். 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் இதைப் பெண்களிடம் சோதித்தார்கள். கருத்தடையைப் பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறீர்கள் என்ற பதிலுக்கும் அவர்கள் மாத்திரை சாப்பிட்டார்களா என்பதற்கும் தொடர்பு 0.08, அதாவது இல்லை என்றே சொல்லலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் மாத்திரை சாப்பிடுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது 0.57. கேள்வி செயலுக்கு அருகில் வரவர அளவும் உண்மைக்கு அருகில் வந்தது. லாபியரின் கேள்வித்தாளில் இருந்த கோளாறுக்கு இதுவே இலக்கணமான விடை.

ஆனால் அந்த விடையோடு லாபியரின் கதையை முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உளவியல் வகுப்புகளில் இந்த ஆய்வு ஆறுதலான கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது: மக்கள் வாயில்தான் வெறுப்பு, நேரில் நல்லவர்கள், காகிதம் பொய் சொன்னது, வாசல் உண்மை சொன்னது. அந்த ஆறுதல் யாருக்கு? திறந்த 250 வாசல்களும் சீனத் தடைச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அந்தத் தம்பதி அமெரிக்கக் குடியுரிமை கேட்டிருந்தால், எத்தனை அழகாகப் புன்னகைத்திருந்தாலும், கிடைத்திருக்காது. ஏனென்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் வாக்காளர் சொல்வதும், பத்திரிகை ஆசிரியர் எழுதுவதும், நீதிபதி சாமானிய மனிதனின் புரிதல் என்று மேற்கோள் காட்டுவதும் காகிதத்துப் பதிலைத்தான். முகம் தெரியாத ஓர் இனத்தைப் பற்றி, எந்தச் சிரமமும் இல்லாத இடத்தில் சொல்லப்படும் மறுப்பு அது. ஓர் இரவுக்கு அறை கிடைப்பதை வாசல் தீர்மானித்தது. ஒரு வாழ்நாளுக்கு நாடு கிடைப்பதைக் காகிதம் தீர்மானித்தது. கேள்வித்தாள் வெறும் சொல்லை அளக்கிறது என்று லாபியர் சொன்னது உண்மை. அந்தச் சொல் வெறும் சொல் அல்ல என்பதுதான் அவர் கணக்கில் விடுபட்டது.

அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதைப் பத்தே ஆண்டுக்குள் வரலாறு காட்டியது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. சீனா அமெரிக்காவின் கூட்டாளி ஆயிற்று. அந்த மாதமே டைம் பத்திரிகை, நண்பர்களான சீனரையும் எதிரிகளான ஜப்பானியரையும் முகத்தைப் பார்த்து எப்படி அடையாளம் காண்பது என்று பாடம் நடத்தியது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். அவர்களுக்கும் பக்கத்து வீட்டார் இருந்தார்கள், வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், நேரில் சிரித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். அந்தச் சிரிப்புகள் எதுவும் ஆணையைத் தடுக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் அந்த ஒரே ஆட்டோ கேம்ப்காரர் முகத்துக்கு நேரே சொன்னதை இப்போது அரசாங்கம் எழுத்தில் சொன்னது.

சீனருக்கோ காற்று திரும்பியது. 1943 பிப்ரவரியில் சியாங் கை-ஷேக்கின் மனைவி அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். டிசம்பரில் 61 ஆண்டுப் பழைய தடைச் சட்டம் நீக்கப்பட்டது. சீனர் குடியுரிமை பெறலாம் என்று ஆயிற்று. புதிதாக வர அனுமதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கு 105 பேர்.

போர் முடிந்தபின், 1946இல், பொகார்டஸ் தன் ஏழு படிகளை மறுபடி எடுத்துக்கொண்டு போனார். சீனர் 3.36இலிருந்து 2.50க்கு வந்திருந்தார்கள். 1926இல் 2.80இல் இருந்த ஜப்பானியர் 3.61க்குப் போய்ப் பட்டியலில் கடைசி ஆகியிருந்தார்கள். இந்தியர் 3.43. அந்த ஆண்டுதான் இந்தியருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்ற வரம்போடு. இருபது ஆண்டில் அமெரிக்கர்கள் புதிதாகச் சீனரோடு பழகி நல்லவர்கள் என்று கண்டுகொள்ளவில்லை. ஜப்பானியரோடு பழகி வெறுக்கவும் இல்லை. கூட்டணி மாறியது, செய்தி மாறியது, சுவரொட்டி மாறியது. அதோடு மனப்பான்மையும் மாறியது.

செய்தியால் மாறுகிறது என்றால் எப்படிப்பட்ட செய்தியால்? யார் சொன்னால்? ஒரு பக்கத்தை மட்டும் சொன்னாலா, எதிர்வாதத்தையும் சேர்த்துச் சொன்னாலா? போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு இவை கல்விக்கூடக் கேள்விகள் அல்ல. லட்சக்கணக்கில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று புரியவைக்க வேண்டியிருந்தது. ஹாலிவுட்டிலிருந்து ஃபிராங்க் காப்ராவை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். அந்தப் படங்கள் சிப்பாய்களின் மனத்தை உண்மையிலேயே மாற்றினவா என்று அளக்க யேல் பல்கலைக்கழகத்திலிருந்து கார்ல் ஹாவ்லண்ட் என்ற முப்பது வயது உளவியலாளரை வரவழைத்தார்கள். அவர் கண்ட முடிவுகள் படம் எடுத்தவர்கள் எதிர்பார்த்தவை அல்ல. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)